கடைசியாக ஏற்றிய ஜாடி

அந்த யோசனை சாமோனிமுக்கு வந்த நிமிஷத்தில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவருடைய கணவர் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வரவழைத்திருந்தார்கள். எச்.ஆர். அறையில் காபி ஆறிக்கொண்டிருக்க, யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். நான் தேடிக்கொண்டு ஓடினால், பின்பக்கம் சரக்கு ஏற்றும் மேடையில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிற்கிறார். எதிரே ஓர் இருபதடி கன்டெய்னர் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்திருந்தது. உள்ளே நான்கு பேர் கார் கதவுக்கான ரப்பர் பட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்க போவுது?"

"புசானுக்கு" என்றேன்.

"எங்க ஊருக்கா?"

கன்டெய்னருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அங்கே நின்ற லோடிங் சூப்பர்வைசரைப் பார்த்து, "ஏம்மா, வூட்டு சாமான் இதுல ஏத்துனா ஒடையாம போவுமா?" என்று கேட்டார்.

சூப்பர்வைசருக்கு ஐம்பது வயது, முறுக்கிய மீசை. 'ஏம்மா' என்று கூப்பிடப்பட்டதை விழுங்கிக்கொண்டு, "அது ஏத்துறவன் கையில கீது மேடம்" என்றார்.

"அப்ப நானே ஏத்துறேன்."

சாமோனிம் என்பது அவர் பெயர் அல்ல. மேலதிகாரியின் மனைவியைக் கொரியர்கள் மரியாதையாகக் கூப்பிடும் சொல். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரின் மனைவி என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சாமோனிம். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். பி.எஸ்சி. முடித்து, சென்னையில் ஒன்றரை வருஷம் கொரிய மொழி படித்து, வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்தவருக்குச் சொல்லிவிடும் வேகம் எனக்கு. மீட்டிங்கில் அதற்குப் பாராட்டும் கிடைத்தது.

ஆனால் சாமோனிமிடம் எனக்கு வேலையே இல்லை. பாங்குக்குத் துணைக்குப் போனால், "நானே பேசுறேன்" என்று கவுன்டரில் முழங்கையை ஊன்றிவிடுவார். அவருடைய தமிழ் முழுக்க செல்வி அக்காவின் தமிழ். பென்னலூரிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர் செல்வி அக்கா. அவர் எல்லோரிடமும் 'ஏம்மா' என்றுதான் ஆரம்பிப்பார். இவரும் அதையே பிடித்துக்கொண்டார். சிலிண்டர்காரர் ஏம்மா. பாங்க் மேனேஜர் ஏம்மா. காரை நிறுத்தி லைசென்ஸ் கேட்ட போலீஸ்காரரும் ஏம்மா. அந்தப் போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், லைசென்ஸைப் பார்க்காமலே போகச் சொல்லிவிட்டார்.

'நானே' என்பதுதான் அவர் வாயில் அதிகம் வந்த சொல். கேஸ் சிலிண்டரைப் படியில் தானே உருட்டி ஏற்றுவார். கொண்டுவந்த ஆள் தலையில் கைவைத்துக்கொண்டு பின்னால் வருவான். தையல்காரர் மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்து மறுபடி தைப்பார். போஸ்ட் ஆபீசில் நான் கட்டிக் கொடுத்த பார்சலை அவிழ்த்து, அதே கயிறால், அதே முடிச்சைப் போடுவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

"நான் பெருக்குன எடத்தயே திருப்பிப் பெருக்குது" என்று செல்வி அக்கா ஒருநாள் என்னிடம் புலம்பினார். "அப்பறம் எனுக்கு இன்னாத்துக்கு சம்பளம்னு கேட்டன். 'நீ பேசினே இரு, அதுக்கு'ன்னு சொல்லுது. இப்டி ஒரு வூட்ட நீ எங்கனா பாத்துகீறியா?"

அவர்கள் குடியிருந்தது ஸ்ரீபெரும்புதூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மாடி வைத்த ஒரு தனி வீடு. அந்த மாடியில் ஏழு ஜாடிகள் இருந்தன. பழுப்பு நிறம், நடுவில் தொப்பை. வெயில் வந்தால் மூடியைத் திறப்பார். வாயில் ஒரு மெல்லிய துணி மட்டும் நூலால் கட்டியிருக்கும். மழை இருட்டினால் ஓடிப்போய் மூடுவார். வீட்டுச் சொந்தக்காரர்கள் முதல் வருஷம் ஊறுகாய் என்று நினைத்தார்களாம். சோயா மொச்சையை வேகவைத்து இடித்து, செங்கல் மாதிரி கட்டி பிடித்து, வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, உப்புத் தண்ணீரில் போட்டு, அப்புறம் சாற்றைத் தனியாகவும் விழுதைத் தனியாகவும் பிரித்து ஆறப்போடும் சமாச்சாரம் அது. கொரியர்களுக்கு நம் புளியும் மிளகாயும் மாதிரி. அது இல்லாமல் குழம்பு கிடையாது.

அந்த ஒரு வேலையை மட்டும் அவர் தனியாகச் செய்ததில்லை. உப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றும்போது ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆலையில் முந்நூறு பேரை நடுங்கவைக்கும் மேனேஜர், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கைவைத்த பனியனோடு மாடியில் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இன்னும் மேல. ஏம்மா, இன்னும் மேல" என்று இவர் தமிழிலேயே அதட்டுவார். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் கை மேலே போகும்.

அப்படி அவர்கள் கடைசியாகப் போட்டது அந்த வருஷத்து மாசியில். பங்குனியில் பிரித்து, விழுதை ஜாடியில் நிரப்பினார்கள். சித்திரையில் மேனேஜர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நடந்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி டிரைவருக்கு அன்று விடுமுறை. அடுத்த வீட்டிலிருந்து வீட்டுச் சொந்தக்காரரின் மகன் சத்தம் கேட்டு ஓடிவந்து, "ஆன்ட்டி, சாவியக் குடுங்க, நான் ஓட்டுறேன்" என்றிருக்கிறான். "வேணாம், நானே." பின்சீட்டில் கணவரைச் சாய்த்துவிட்டு, பூந்தமல்லிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டினார். நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தாண்டி ஒரு டிரெய்லர் குறுக்கே நின்று, லாரிகள் வரிசை கட்டிவிட்டன. அந்தப் பையன் உள்ளூர்க்காரன். ஊருக்குள் புகுந்து வெளியே வரும் வழியெல்லாம் தெரிந்தவன். இவருக்குத் தெரிந்தது நெடுஞ்சாலை ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில்தான் அவர் என்னை முதல்முறையாக மொழிபெயர்க்கச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் தமிழில்தான் பேசினார்: "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம்மா." சாமோனிம் என் பக்கம் திரும்பி, கொரிய மொழியில், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "எப்போது கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதாம்."

யோசிக்கவே இல்லை. என் வழக்கமான வேகத்தில் வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். டாக்டருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். கொடுத்த காகிதங்களில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆலையில் மறுவாரமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கான்டீனில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மேலாக, "அந்தப் பையன் ஓட்டியிருந்தா பொழச்சிருப்பாரு" என்ற வாக்கியம் ஷிஃப்ட் ஷிஃப்டாக நகர்ந்தது. அவர் காதுக்குப் போனதா என்று எனக்கு அப்போது தெரியாது.

சாமான்களைக் கட்ட சென்னையிலிருந்து ஆறு பேர் வருவார்கள், ஒரே நாளில் முடிந்துவிடும் என்று எச்.ஆர். ஏற்பாடு செய்திருந்தார்கள். இவர் வேண்டாம் என்றுவிட்டார். காலிக் கன்டெய்னர் ஒன்று மட்டும் போதும். எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். இருபதடிக்குள் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். கனமானவை உள்பக்கம் கீழே, இரண்டு பக்கமும் சம எடை, கதவருகே பலகைத் தடுப்பு, ஈரம் உறிஞ்சும் பைகள் எங்கெங்கே தொங்க வேண்டும் என்றெல்லாம் லோடிங் சூப்பர்வைசரை நச்சரித்துக் கேட்டு, நோட்டில் படம் வரைந்து கொண்டுபோனேன். சாமோனிம் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லா கீது" என்றார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து முழுவதையும் மாற்றினார்.

இருபது நாள் கட்டினார். ஒவ்வொரு பெட்டியையும் காதருகே தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் பிரித்துவிட்டு மறுபடி. கஸ்டம்ஸுக்கான பட்டியலை எழுதுவது மட்டும் என் பங்கு. மிக்ஸி ஒன்று. தோசைக்கல் ஒன்று. ஆண்கள் சாக்ஸ் பதினொரு ஜோடி. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் கடையில் மேனேஜர் வாங்கிய நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

"ஏம்மா, செத்துப்போனவரு செருப்ப யாருனா கப்பல்ல ஏத்துவாங்களா?" என்றார் செல்வி அக்கா.

"அவருக்கு இல்ல. எனக்கு."

"உனுக்குப் பெருசா கீதே."

"பெருசா இருக்கட்டும்."

செல்வி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

ஆறு ஜாடிகளை மற்ற கொரியக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஏழாவது, மாசியில் போட்டது. "இது வேண்டும்" என்று என்னிடம் கொரிய மொழியில் சொன்னார். "மற்றது எது உடைந்தாலும் பரவாயில்லை. இது போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு வருஷம் ஆறவிட்டு, அவருடைய அடுத்த நினைவு நாளைக்கு இதில்தான் சமைக்க வேண்டும்."

கன்டெய்னர் வந்தது வைகாசி வெயிலில். இரும்புச் சுவரில் கை வைக்க முடியவில்லை. டிரெய்லர் டிரைவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். "நாலு மணிக்குள்ள யார்டுல உடணும் பாப்பா, இல்லன்னா கேட்ட அடைச்சிருவாம்லா" என்று வந்ததுமே என்னிடம் சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் ஏது மேடை? இரண்டு பலகைகளைச் சாய்த்துப் போட்டு, ஆலையிலிருந்து வந்த நான்கு பையன்கள் தூக்கிக் கொடுக்க, சாமோனிம் உள்ளே நின்று வாங்கி வைத்தார். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனவர் மத்தியானம் வரை இறங்கவில்லை. பையன்கள் தாங்களாக எதையாவது வைத்தால், அதைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி வைத்தார்.

"மேடம், இது எங்க வேலை" என்றான் ஒருவன்.

"என் சாமான்" என்றார்.

"அந்தம்மா எறங்கவே மாட்டாக போலுக்கே" என்று டிரைவர் டயர் நிழலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

மூன்று மணிக்கு ஜாடி மட்டும் பாக்கி. துணி கட்டி, மூடியை லேசாக மேலே வைத்து, வாசலில் ஒரு பெட்டியின் மேல் தயாராக நிறுத்தியிருந்தார். அந்த நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்காரரின் மகன் சாவி வாங்க வந்தான். அவர் கன்டெய்னரிலிருந்து இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவனோடு உள்ளே போனார்.

டிரைவர் ஹார்ன் அடித்தார். நான் ஜாடியைப் பார்த்தேன். லேசான மூடி. இதோடு மெட்ராஸ் துறைமுகம் வரைக்கும் மேடுபள்ளம், அப்புறம் இருபது நாள் கடல். ஒரு சொட்டுக் கசிந்தாலும் பக்கத்துப் பெட்டியெல்லாம் போச்சு. கசிவு என்றால் ஆலையில் எங்களுக்குக் கொலைக் குற்றம். அவர் துணிதான் கட்டுகிறார் என்று மாடியில் எத்தனையோ தடவை பார்த்தவள் நான். ஏன் துணி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கையில் சிலிக்கான் பசை இருந்தது, பிளாஸ்டிக் தாள் சுருள் இருந்தது. மூடியின் விளிம்பு முழுக்கப் பசை அப்பி அழுத்தினேன். டேப் ஒட்டினேன். ஜாடியைத் தலையிலிருந்து கால்வரை எட்டுச் சுற்று பிளாஸ்டிக் தாளால் இறுக்கினேன். எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

அவர் வெளியே வந்தார். பையன் சாவியோடு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அவர் ஜாடியின் மேல் கையை வைத்தார்.

"நீயா கட்டுனே?"

"ஆமா. ஒரு சொட்டு வெளிய வராது."

அவர் விரல்கள் பிளாஸ்டிக் தாளின் நுனியைத் தேடி, கண்டுபிடித்து, அங்கேயே நின்றன. தெருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லா கீது" என்றார்.

தானே தூக்கிக்கொண்டு போய்க் கதவருகே வைத்தார். கதவைச் சாத்தி, முத்திரைப் பூட்டைத் தானே அழுத்தி மாட்டினார். நான் கட்டியதை அவர் பிரிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பரிசு வாங்கியது மாதிரி இருந்தது.

ஆடி மாதத்தில் கடிதம் வந்தது. சாமான்கள் வந்து சேர்ந்தன, ஒரு கோப்பை மட்டும் விரிசல், எல்லோருக்கும் நன்றி. அந்தக் கடிதத்தை ஆலையில் காட்டாத ஆள் இல்லை. லோடிங் சூப்பர்வைசரே, "பரவால்லயே, தேறிட்டியே" என்றார்.

மறு வருஷம் ஐப்பசியில் என்னைப் பயிற்சிக்குப் புசானுக்கு அனுப்பினார்கள். முகவரியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். கதவைத் திறந்ததும், "ஏம்மா!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தத் தமிழைப் பேச அங்கே அவருக்கு யாரும் இல்லை. செல்வி எப்படி கீது, சிலிண்டர் இன்னும் லேட்டா வருதா, மழை வந்துச்சா என்று மூச்சுவிடாமல் கேட்டார்.

காலில் அந்த நீலச் செருப்பு. அதன் வார் பழுப்பேறியிருந்தது. அலமாரியின் கால்கள் பழுப்பு. புத்தகங்களின் ஓரம் பழுப்பு. சுவரில் மேனேஜரின் படத்துக்கு மட்டும் சட்டம் புதிது. பால்கனிக்குப் போனேன். ஜாடி இல்லை.

"எங்க?" என்று கேட்டேன்.

அவர் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தார். "வெடிச்சுது. கடல்லயோ, எங்கயோ. கதவத் தொறந்தா எல்லாம் வழிஞ்சு ஓடுது. கஸ்டம்ஸ் ஆளு மூக்க மூடினு ஓடிட்டான்" என்று சிரித்தார். "மூணு நாள் கழுவினேன்."

"எப்படி?"

"அது உசுரா கீது இல்ல? புளிக்கும். காத்து வுடும். அதான் துணி."

விளிம்பு முழுக்க நான்தான் பசை அப்பியிருந்தேன். வைகாசி வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள், மூச்சுப் போக வழியில்லாமல், அவர்கள் இருவரும் சேர்ந்து போட்ட கடைசி ஜாடி. "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமில்ல? நான் கட்டினதை எல்லாம் பிரிப்பீங்களே, அதை ஏன் பிரிக்கல?"

கத்தியைக் கீழே வைத்தார். "பிரிக்கத்தான் கை போச்சு. அந்தப் பையன் தெருவுல போய்கினு இருந்தான். அவன் முதுகு தெரிஞ்சுது." ஆப்பிள் தோலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே, "அவன் நான் ஓட்டுறேன்னான். நான் வுடல. இப்ப உன்னையும் வுடலன்னா நான் இன்னா மனுஷின்னு இருந்துச்சு. சரி, ஒரு தபா வுட்டுப் பாப்போம்னு..."

"டாக்டர்தான் சொன்னாரே, எப்ப வந்திருந்தாலும்..."

"ஏம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்குத் தமிழ் தெரியும்ல?"

ஆப்பிள் துண்டில் குச்சியைக் குத்தி என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போதுதான் கேட்டேன், மறுபடி ஜாடி போடவில்லையா என்று.

"கடையில விக்குது" என்றார். "துணி பிடிக்க ஆள் வேணும்."

பக்கத்து வீட்டில் கேட்கலாமே என்றேன். கேட்கமாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னேன். லிஃப்ட் வரும்வரை என்னோடு நின்றார். செருப்பு காலுக்குப் பெரிதாக, நடக்கும்போது தரையில் இழுபட்டது.

ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு இதே வேலை. ஸ்ரீபெரும்புதூரில் இப்போது கொரியர் நடத்தும் மளிகைக்கடை ஒன்று வந்துவிட்டது. அந்தக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, புளித்த மொச்சைக் கட்டி இரண்டு வாங்கிவிட்டேன். ஜாடி, சாமோனிம் கொடுத்துவிட்டுப் போன ஆறில் ஒன்று. அந்தக் குடும்பம் ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்கினேன். கட்டியை இரண்டு முறை கழுவிக் காயவைத்தாயிற்று. அவரிடம் போனில் மூன்று தடவை சந்தேகம் கேட்டேன், எதற்கு என்று சொல்லாமல். அவரும் எதற்கு என்று கேட்கவில்லை. பதில் மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் எழுதிக்கொள்ள வசதியாக.

இதை எப்படி அங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. அது ஒரு வருஷம் கழித்து வரவேண்டிய கவலை. இந்த ஒருமுறை அவசரப்படாமல் இருந்து பார்க்கிறேன். நாளை மாசி ஞாயிறு. துணி பிடிக்கச் செல்வி அக்கா வருகிறார், "நாத்தம் அடிச்சா வுட்டுட்டு ஓடிடுவன்" என்ற நிபந்தனையோடு. உப்பின் அளவுதான் பயமாக இருக்கிறது. குறைந்தால் அழுகிவிடும், கூடினால் புளிக்காது. கரைத்த தண்ணீரில் ஒரு முட்டையைப் போட வேண்டுமாம். அது மிதந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் சரி. உப்பைக் கரைத்துத் தெளிய வைத்திருக்கிறேன். காலையில் முட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.